ஒரு தரம், ரெண்டு தரம்

ஜூலை 3, வியாழன்

இன்றிலிருந்து நான் பேசக் கூடாது.

டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, தொண்டையில் காய்ப்பு விழுந்திருக்கிறது என்றார். துடுப்புப் போட்டுப் போட்டு ஆம்பளைகள் கையில் விழுமே, அதே காய்ப்பு. இருபத்தொரு நாள் வாயைத் திறக்கக் கூடாதாம். கிசுகிசுப்பது இன்னும் மோசமாம். மீறிக் கத்தினால் போன குரல் திரும்பாது என்றார். "அப்படி என்ன வேலைம்மா பார்க்கறீங்க?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்ல வாயெடுத்ததும் தன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். கேள்வியாவது கேட்காமல் இருந்திருக்கலாம்.

பூவரசன்குப்பம் கரையில் பத்தொன்பது வருஷமாக மீன் ஏலம் கூறுகிறவள் நான். கையில் காய்ப்பு விழுந்தால் உழைப்பாளி என்கிறார்கள். தொண்டையில் விழுந்தால் நோயாளி.

மகள் நித்யகலா கடலூரில் நர்சுக்குப் படிக்கிறாள். பஸ் ஏற்றிவிட வந்தபோது மருந்துக் கம்பெனி டைரி ஒன்றைக் கையில் திணித்தாள். "பேச முடியாததெல்லாம் இதுல எழுதும்மா. இல்லன்னா உனக்கு வயிறு வெடிச்சிரும்" என்றாள். பெற்றவளை நன்றாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறாள்.

ஜூலை 4, வெள்ளி

கடலுக்கு லீவு. எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை எந்தப் போட்டும் கடலில் இறங்காது.

வீட்டுக்காரர் தேசிங்கு ஊர்ப் பஞ்சாயத்தார் ஐந்து பேரில் ஒருவர். காலையில் என்னைப் பார்த்துவிட்டு, "இருவத்தொரு நாளா? அம்மனுக்கு ஒரு பொங்க வச்சிர வேண்டியதுதான்" என்றார். சிரித்தேன். சிரிப்புக்குச் சத்தம் வரக் கூடாது என்பதால் தோள் மட்டும் குலுங்கியது. அதைப் பார்த்து அவரும் சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் இப்படிச் சேர்ந்து சிரித்து ரொம்ப நாளாகிறது.

சங்கரா மீன் குழம்பு. கொஞ்சம் புளி தூக்கல். யாரும் குறை சொல்லவில்லை, சொன்னாலும் என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஜூலை 6, ஞாயிறு

கரைக்குப் போனேன். சும்மா நிற்கத்தான். எனக்குப் பதிலாக ரஞ்சிதம் ஏலம் கூறினாள். இருபத்தாறு வயசுப் பெண், குரல் நூல் மாதிரி இருக்கிறது. ஆனால் முறை பிசகவில்லை. காலிக் கூடையைக் கவிழ்த்து வைத்தாள், உள்ளங்கையால் ஒரு அடி அடித்தாள். அந்தச் சத்தம் கேட்டதும் கரை அடங்கிற்று. மீனைக் கொட்டினவன், வாங்க வந்தவன், வம்பு பேச வந்தவன் எல்லாரும் வாயை மூடினார்கள். தரம் ஓடும்போது விலையை ஏற்றிக் கேட்கிறவனைத் தவிர வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அது எங்கள் கரையின் கட்டுப்பாடு.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்றவள் படபடவென்று மூன்றாவதையும் சொல்லி முடித்துவிட்டாள். அங்கேதான் தப்பு செய்கிறாள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு மூச்சு நிற்க வேண்டும். எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். மூன்றாம் தரம் விழுந்துவிட்டால் விற்றவனும் திரும்பிப் பேச முடியாது, வாங்கினவனும் திரும்பிப் பேச முடியாது. கடலம்மா காது கேட்டாச்சு என்பார்கள்.

சாடையில் அவளுக்குச் சொன்னேன். இரண்டு விரலைக் காட்டி, நெஞ்சில் கை வைத்து, மூச்சை இழுத்தேன். "என்னாக்கா, நெஞ்சு வலிக்குதா?" என்று பதறிவிட்டாள்.

பேசாமல் இருந்தால் கடல் வேறு மாதிரி கேட்கிறது. அலை மணலுக்குள் இறங்கும்போது கீழே யாரோ தண்ணீர் குடிக்கிற சத்தம் வருகிறது. பத்தொன்பது வருஷம் இது என் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

ஒன்றுமில்லை. காரப்பொடி மீன் வாங்கி ஆய்ந்து காயப்போட்டேன். காக்கா இரண்டு கொண்டு போயிற்று. திட்டக்கூட முடியவில்லை.

ஜூலை 10, வியாழன்

வாய் பேசாதவளுக்குக் காதும் கேட்காது என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். நான் அடுப்படியில் இருக்கும்போதே வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து நாட்டாரிடம் போனில் பேசினார். நாட்டார் என்றால் எங்கள் ஊர்த் தலைவர், காசிநாதன். போட்டு அணைய ஏதோ புது ஜெட்டி, ஏதோ கம்பெனி, ஏதோ ஆடி மாசம் என்று காதில் விழுந்தது. "பொம்பளைங்கள நாங்க பாத்துக்குறோம்" என்றும் சொன்ன மாதிரி இருந்தது.

காற்று பலமாக அடித்தது. சரியாகக் கேட்கவில்லை.

கத்திரிக்காய் போட்டு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. பாத்திரம் எல்லாவற்றையும் சாம்பல் போட்டுத் துலக்கினேன், துலக்கிய பாத்திரத்தையும் மறுபடி துலக்கினேன்.

ஜூலை 11, வெள்ளி

விடியற்காலையில் ஒரு கனவு. கரையில் கடலையே கொண்டுவந்து குவியலாகக் கொட்டியிருக்கிறார்கள். நீலமாக, ஈரமாக, மலை மாதிரி. உள்ளே மீன்கள் அது பாட்டுக்கு நீந்துகின்றன. நான் கூடையைக் கவிழ்த்துத் தட்டுகிறேன். ஒரு தரம் என்கிறேன், ரெண்டு தரம் என்கிறேன். சுற்றி நிற்கிற முகங்களைப் பார்க்கிறேன். ஒருவருக்கும் வாய் இல்லை. வாய் இருக்க வேண்டிய இடம் வழுவழுவென்று இருக்கிறது. அப்புறம் விழித்துக்கொண்டேன்.

எழுந்து பார்த்தால் அவரும் விழித்துத்தான் கிடந்தார். உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 14, திங்கள்

பூங்காவனம் அக்கா வந்தாள். தலையில் கூடை சுமந்து பஸ்ஸில் போய்ப் பத்து ஊருக்கு மீன் விற்கிறவள். புருஷன் கடலில் போய் இருபது வருஷம் ஆயிற்று. கூட்டத்துக்குத் தலைக்கட்டுக்கு ஒரு ஆள் வரவேண்டும் என்று ஊர் கூவும். கல்யாணம் ஆன ஆம்பளைதான் தலைக்கட்டு. ஆம்பளை இல்லாத அவள் வீட்டுக் கதவை அந்தக் கூவல் தட்டியதே இல்லை.

"ஏ அஞ்சல, சேதி தெரியுமா? ஏலத்த ஜெட்டிக்குக் கொண்டு போறாங்களாம். கம்பெனிக்காரன் மைக்கு வச்சிக் கூறுவானாம். மொத்தமா டன் கணக்குலதான் குடுப்பானாம். பாஸ் இல்லாத பொம்பள உள்ள நொழையக் கூடாதாம். நான் ரெண்டு கூட மீனுக்கு எங்கடி போவேன்?"

அவளுக்குப் பின்னாலேயே இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பஸ்காரன் மீன் கூடையை ஏற்ற மாட்டேன் என்று மல்லுக்கு நின்றபோது ரோட்டில் உட்கார்ந்து கத்தியது நான்தான். ஐஸ் வண்டிக்காரன் ஏமாற்றியபோது கத்தியதும் நான்தான். கத்துவதற்கு என்றே என்னை வைத்திருக்கிறார்கள்.

தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். கையை விரித்தேன்.

"ஒம் வீட்டுக்காரருக்குத் தெரியாமயா இருக்கும்?" என்றாள் பூங்காவனம். யார் முகத்தையும் பார்க்காமல் எல்லாருக்கும் டீ போட உள்ளே போய்விட்டேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன். குடித்துவிட்டுப் போனார்கள்.

ஜூலை 18, வெள்ளி

விடிந்தும் விடியாத நேரம், கரையில் ஒருவரும் இல்லை. போட்டுகள் எல்லாம் மணலில் ஏறிப் படுத்திருந்தன. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. நடந்துகொண்டே இருந்தால் அப்படியே வானத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. அலை திடீரென்று முழங்கால் வரை ஏறியது.

"யம்மாடி!"

சொன்னது யார் என்று திரும்பிப் பார்த்தேன். நான்தான். வலியே இல்லை. பழைய கரகரப்பும் இல்லை. யாரோ கழுவித் துடைத்துக் கொடுத்த மாதிரி ஒரு குரல்.

இன்னொரு முறை சொல்லிப் பார்த்திருக்கலாம். சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 19, சனி

பேசவில்லை. டாக்டர் இருபத்தொரு நாள் என்று சொல்லியிருக்கிறார்.

ஜூலை 24, வியாழன்

இருபத்தொரு நாள் முடிந்தது. ஆடி அமாவாசை. டாக்டர் மறுபடி குழாயை விட்டுப் பார்த்தார். காய்ப்பு கரைந்துவிட்டது, பேசலாம், கத்த வேண்டாம், பழைய மாதிரி ஏலம் போட்டால் திரும்பி வந்துவிடும் என்றார். தலையாட்டினேன்.

சாயங்காலம் நித்யகலா போன் செய்தாள். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. ஆமாம் என்றால் போனில் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. "பேசலாம்னுட்டாராம்மா?" என்று கேட்டாள். இரண்டு தட்டினேன்.

பொய் பேசவில்லை. தட்டினேன், அவ்வளவுதான்.

ஜூலை 27, ஞாயிறு

கருவாடு காயப்போடும் களத்தில் பெண்கள் கூடினார்கள். நானும் போய் ஓரமாக உட்கார்ந்தேன். முப்பத்தெட்டுப் பேர். வருகிற வெள்ளிக்கிழமை ஊர்க் கூட்டம். ஏலத்தைக் கம்பெனிக்காரனுக்குக் கொடுக்கிற பேப்பரில் பஞ்சாயத்தார் ஐந்து பேரும் கையெழுத்துப் போடப் போகிறார்கள். அதற்குள் நாம் அங்கே போய் நிற்க வேண்டும் என்றாள் பூங்காவனம்.

ஆம்பளைக் கூட்டம் நடக்கிற மணலில் இதுவரை எந்தப் பெண்ணும் கால் வைத்ததில்லை. வலைக்கொட்டகைச் சுவருக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்பதோடு சரி.

"போய் யார் பேசுறது?" என்றாள் ரஞ்சிதம். கண் வீங்கியிருந்தது. போனால் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று புருஷன் சொல்லிவிட்டானாம். ஆனாலும் களத்துக்கு வந்துவிட்டாள்.

"தெரிஞ்சத நான் பேசுறேன். அஞ்சல முன்னாடி நிக்கட்டும்" என்றாள் பூங்காவனம். என் பக்கம் திரும்பி, "நீ வாயத் தொறக்க வேணாம்டி. நின்னாப் போதும். ஒன்னப் பாத்தா எங்களுக்குத் தெம்பு" என்றாள்.

அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. தலையாட்டினேன்.

ஜூலை 30, புதன்

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கெழம நீ வீட்டுலயே இரு அஞ்சல. நாலு பேருக்கு முன்னாடி எம்மொகம்னு ஒண்ணு இருக்குது. ஜெட்டி வந்தா ஊருக்கு நல்லது. போட்டுக்காரனுக்கு நல்ல வெல கெடைக்கும். ஒனக்கும் தொண்ட போச்சு. இன்னும் எத்தினி நாளு கத்துவ?"

அவர் குரலில் அக்கறை இருந்தது. அதுதான் எனக்குக் கஷ்டம். கோபமாகச் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். பதிலுக்காக என் முகத்தையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் அவர் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. யாரிடம் என்று எழுத வரவில்லை.

ஜூலை 31, வியாழன்

கூடையைக் கழுவிக் காயவைத்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

நாலு மணி வெயில். மாரியம்மன் கோயில் மேடையில் ஐந்து நாற்காலி, நடுவில் நாட்டார், வலது கை ஓரத்தில் என் வீட்டுக்காரர். கீழே மணலில் இருநூறு ஆம்பளைகள். கடல் பக்கமிருந்து காற்று வந்து எல்லார் சட்டையையும் ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. நாங்கள் முப்பத்தெட்டுப் பேரும் ஆளுக்கொரு காலிக் கூடையோடு வலைக்கொட்டகையைத் தாண்டினோம். ரஞ்சிதமும் வந்தாள். அந்தச் சுவரைத் தாண்டும்போது கால் தரையில் பட்ட மாதிரியே இல்லை. கனவில் நடப்பது போல, நடக்கிறேன் என்பது மட்டும் தெரிந்தது.

நாட்டார் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "இது என்னா புதுப் பழக்கம்? ஊர்க் கூட்டம் நடக்குற எடத்துல பொம்பளைங்களுக்கு என்னா வேல?"

"எங்க பொழப்பப் பத்திதான் பேசுறீங்க. அதான் வந்தோம்" என்றாள் பூங்காவனம். "ஏலம் ஜெட்டிக்குப் போச்சுன்னா தலச்சுமை வியாபாரி நாங்கள்லாம்..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் கீழேயிருந்து நாலைந்து பேர் "போங்க, போங்க, வீட்டுல போய் ஒலைய வையிங்க" என்று சத்தம் போட்டார்கள். அவள் உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. பத்து ஊர்த் தெருவில் மீனு மீனு என்று கூவுகிற வாய் அது.

நாட்டார் சிரித்தார். "ஒங்களுக்குப் பேசுறதுன்னா ஏலக்காரிதான் பேசணும். அவ வாயிதான் பூட்டிக் கெடக்குதே."

எல்லாரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. தோள் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஒரு அமைதி வந்தது. அலை மணலுக்குள் இறங்குகிற சத்தம் அவ்வளவு கூட்டத்திலும் தனியாகக் கேட்டது. குனிந்து என் கூடையை மணலில் கவிழ்த்தேன். உள்ளங்கையால் ஒரு அடி அடித்தேன்.

கூட்டம் அடங்கிற்று. பத்தொன்பது வருஷப் பழக்கம், அவர்களுக்குத் தெரியாமலே அவர்கள் வாய் மூடிக்கொண்டது.

"நம்ம கரை ஏலம்!" என்றேன். என் குரலைக் கேட்டு ரஞ்சிதம் கூடையைக் கீழே போட்டுவிட்டாள். "ஏலம் கரைய விட்டுப் போவாது! கூறுறது நாங்க! அத மாத்தணும்னா எங்களையும் உக்கார வச்சித்தான் பேசணும்! இதுக்கு மேல கேக்குறவங்க கேக்கலாம்! ஒரு தரம்!"

பின்னால் முப்பத்தேழு பேரும் சொன்னார்கள். "ஒரு தரம்!"

இளவட்டம் ஒருவன் எழுந்து, "இது என்னா மீனா, ஏலம் போடுறதுக்கு?" என்றான். பக்கத்தில் இருந்த போட்டுக்காரர் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "தரம் ஓடுதுடா, சும்மா இரு!" என்று அதட்டினார். அவர் ஜெட்டி வேண்டும் என்கிற கட்சி. ஆனாலும் கரைக் கட்டுப்பாட்டை மீறி அவருக்குப் பழக்கமில்லை.

"ரெண்டு தரம்!"

"ரெண்டு தரம்!" என்றார்கள் பெண்கள். கோயில் மணியில்கூட அந்தச் சத்தம் மோதியிருக்கும்.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு மூச்சு நிற்க வேண்டும். நின்றேன். ஒரு சுற்று எல்லார் முகத்தையும் பார்த்தேன். எல்லார் முகத்திலும் வாய் இருந்தது. ஒருவரும் திறக்கவில்லை. நாட்டார் முகம் சிவந்து போய் இவர் பக்கம் திரும்பினார். "தேசிங்கு, ஒம் பொண்டாட்டி. நீ சொல்லு."

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் வாய் திறந்தது. அந்த ஒரு மூச்சு நேரத்தில் என் இருபத்தைந்து வருஷக் குடித்தனம் மணலில் கொட்டிக் கிடந்தது. அவர் ஒரு வார்த்தை ஏற்றிச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு இப்போதும் தெரியாது. திறந்த வாயை மூடிக்கொண்டார். தலையைக் குனிந்துகொண்டார்.

"மூணு தரம்!" என்று கூடையில் அடித்தேன்.

அந்தப் போட்டுக்காரர்தான் முதலில் எழுந்தார். வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே, "முடிஞ்சுது, கெளம்புங்க" என்றார். மூன்றாம் தரம் விழுந்தால் எழுந்து போவதுதான் வழக்கம். இருநூறு பேரும் எழுந்துவிட்டார்கள். பாதி தூரம் போன பிறகுதான் சிலருக்கு உறைத்திருக்க வேண்டும், நின்று திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் கடலம்மா காது கேட்டாயிற்று. பேப்பர் மேடையில் கல்லுக்கு அடியில் படபடத்துக்கொண்டு கிடந்தது, கையெழுத்து இல்லாமல்.

பூங்காவனம் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, "எப்படி வந்துச்சுடி பேச்சு? மாரியாத்தா குடுத்தாளா?" என்று அழுதாள். நான் மறுத்துச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

கரையில் ஏலம் நடந்தது. ரஞ்சிதத்தைத்தான் கூறச் சொன்னேன். நான் பக்கத்தில் நின்றேன். என் தொண்டைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இன்றைக்கு மூச்சு நிறுத்தினாள். அவள் புருஷன் போட்டிலிருந்து மீனை இறக்கிக்கொண்டே எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்தான். நாட்டார் கரைக்கு வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிறாராம். சேர்க்கட்டும், எங்களுக்கும் அந்த மணலுக்கு வழி தெரியும்.

நேற்றுக் கூட்டத்திலிருந்து என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார். மீன் துண்டை வைத்தேன்.

"எப்பலேருந்து பேச்சு வந்துச்சு?" என்றார்.

"பதினெட்டாந் தேதி."

"இல்ல, அதுக்கும் முன்னாடியே." முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "தூக்கத்துல ஏலம் கூறுவ. ஒரு தரம்னுவ, ரெண்டு தரம்னுவ. அதோட நிறுத்திருவ. மூணாவது வருமா வருமான்னு நானும் முழிச்சிக்கிட்டுக் கெடப்பேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பேசிருவியே."

மறைக்காமல் சொல்லிவிட்டார். அதற்காக அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை, கோபப்படாமல் இருக்கவும் முடியவில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டே, "நேத்து ராத்திரி?" என்று கேட்டேன்.

"மூணும் சொல்லிட்ட" என்றார். "அப்புறந்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு."

இன்னொரு துண்டு மீன் வைத்தேன்.

ஒரு திருத்தம். ஜூலை பத்தாம் தேதி காற்று பலமாக அடித்தது, சரியாகக் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்குக் காற்றே இல்லை.